மூளையின் ரத்த ஓட்டத்தில் கபால நரம்புகளுக்கு என்ன பங்கு?

கேள்வி இதுதான்: மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை கபால நரம்புகள், மூளைக்குள் ஓடும் ரத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றனவா? செய்கின்றன என்றால் எவை, எந்த வழியாக?

செய்கின்றன. ஆனால் பன்னிரண்டும் அல்ல, நான்கு மட்டும். ஐந்தாவதான ட்ரைஜெமினல், ஏழாவதான ஃபேஷியல், ஒன்பதாவதான குளோசோஃபாரின்ஜியல், பத்தாவதான வேகஸ். இவற்றில் ஐந்தும் ஏழும் மூளைத் தமனிகளின் சுவர் வரை இழைகளை அனுப்பி நேரடியாக அவற்றை விரிக்கின்றன. ஒன்பதும் பத்தும் பெரும்பாலும் சுற்றுவழியில் வேலை செய்கின்றன: இதயத் துடிப்பையும் உடலின் ரத்த அழுத்தத்தையும் மாற்றி, அதன் மூலம் மூளைக்கு வந்து சேரும் ரத்தத்தை மாற்றுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல விளக்கங்கள் இங்கேதான் தடம் மாறுகின்றன. சாதாரண நேரத்தில், நிமிடத்துக்கு நிமிடம், மூளையின் ரத்த ஓட்டத்தை நடத்துவது கபால நரம்புகள் அல்ல. அவை பெரும்பாலும் நெருக்கடிக்கான ஏற்பாடு. தமனி அளவுக்கு மீறிச் சுருங்கும்போதும், வலிப்பு வரும்போதும், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கும்போதும்தான் அவற்றின் பங்கு வெளியே தெரிகிறது.

அன்றாட வேலையைச் செய்வது யார் என்று பார்த்துவிடுவோம். வயது வந்தவரின் மூளை சுமார் 1,400 கிராம், உடல் எடையில் 2%. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15% அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு 700 முதல் 750 மி.லி. வரை. 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மி.லி. என்பது சராசரிக் கணக்கு. இது 20-க்குக் கீழே இறங்கினால் நியூரான்களின் மின்செயல்பாடு நின்றுவிடும். 10-க்குக் கீழே போனால் செல்கள் சாகத் தொடங்கும். சேமிப்பு என்று மூளையில் ஏதும் இல்லாததால், ஓட்டம் முழுதாக நின்றால் 6 முதல் 8 விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

இந்த ஓட்டத்தைச் சீராக வைத்திருப்பவை மூன்று, மூன்றுமே உள்ளூர் ஏற்பாடுகள். முதலாவது, தமனிச் சுவரின் மென்தசை அழுத்தம் ஏறினால் தானாகச் சுருங்கும், இறங்கினால் விரியும். சராசரி ரத்த அழுத்தம் 60-க்கும் 150 மி.மீ. பாதரசத்துக்கும் இடையே எங்கே இருந்தாலும் ஓட்டம் ஏறக்குறைய மாறாது என்று நீல்ஸ் லாசன் 1959-ல் வரைந்த வளைகோடு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நிஜத்தில் அந்தச் சமதளம் அவ்வளவு அகலமும் இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். நாட்பட்ட ரத்த அழுத்தக்காரர்களுக்கு அது மேல் நோக்கி நகர்ந்திருக்கும். இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடு. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 1 மி.மீ. கூடினால் ஓட்டம் 3–4% கூடும், குறைந்தால் அதே அளவு குறையும். மூன்றாவது, வேலை செய்யும் நியூரான்களும் அவற்றைச் சுற்றியுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்களும் நைட்ரிக் ஆக்சைடு, பொட்டாசியம் போன்றவற்றை வெளியிட்டு, தங்கள் பக்கத்துக் குழாயைத் தாங்களே விரித்துக்கொள்கின்றன. விலங்குகளில் ட்ரைஜெமினல் இழைகளையோ ஃபேஷியல் இழைகளையோ வெட்டிவிட்டுப் பார்த்தால், ஓய்வு நேர ஓட்டம் பெரிதாக மாறுவதில்லை. அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும் குணமும் போய்விடுவதில்லை.

அப்படியானால் இந்த நரம்புகள் எந்த இடத்தில் கை வைக்கின்றன? மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் இணைந்து அமைந்த வில்லிஸ் வளையம், அதிலிருந்து பிரியும் முன், நடு, பின் மூளைத் தமனிகள், மூளையின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் பையல் தமனிகள்: இவற்றின் வெளிச்சுவரில்தான் கபால நரம்பு இழைகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. தமனி மூளைத் திசுவுக்குள் நுழைந்து, தன்னைச் சுற்றியிருக்கும் மெல்லிய இடைவெளியைக் கடந்ததும் இந்த இழைகள் நின்றுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் நுண்தமனிகளுக்கு மூளைக்குள்ளேயே பிறந்த நரம்புகள் வருகின்றன: லோகஸ் செருலியஸ் என்ற கருவிலிருந்து (கரு என்றால் இங்கே நியூரான்களின் திரள்) நார்அட்ரினலின் இழைகள், ராஃபே கருக்களிலிருந்து செரடோனின் இழைகள், மெய்னர்ட் கருவிலிருந்து அசிட்டைல்கோலின் இழைகள்.

மேற்பரப்பில் மட்டும்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உடலின் மற்ற உறுப்புகளில் ரத்த ஓட்டத்துக்கான தடையைப் பெரும்பாலும் நுண்தமனிகளே தருகின்றன. மூளையில் அப்படியல்ல, பெரிய தமனிகளும் பையல் தமனிகளும் சேர்ந்து மொத்தத் தடையில் ஏறக்குறைய பாதியைத் தருகின்றன. குழாயின் ஆரம் 10% கூடினால், மற்றவை மாறாதபோது, அதன் வழியே ஓட்டம் 46% கூடும், ஏனென்றால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே மேற்பரப்புத் தமனிகளைத் தொடும் நரம்பு, உள்ளே போகாமலேயே உள்ளே போகும் ரத்தத்தை மாற்றும்.

ஐந்தாம் நரம்பிலிருந்து தொடங்குவோம். முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் கொண்டுபோகும் நரம்பாகத்தான் இது நமக்குப் பழக்கம். இதன் மூன்று கிளைகளில் முதலாவதான கண் கிளையின் இழைகள் வில்லிஸ் வளையத்தின் முன்பகுதிக்கும் நடு மூளைத் தமனிக்கும், மூளையுறையின் தமனிகளுக்கும் போகின்றன. பெரும்பாலும் தன் பக்கத்துத் தமனிகளுக்கு மட்டும். பின்பக்கத் தமனிகளுக்கு மேல்கழுத்து நரம்புவேர்களும் இழை அனுப்புகின்றன. மைக்ரேன் வலி நெற்றியில் ஆரம்பித்துப் பிடரி வரை இழுப்பதற்கு ஒரு காரணம், இந்த இரண்டு வகை இழைகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே கருவில் வந்து முடிவதுதான்.

இவை உணர்வு நரம்புகள்; செய்தியை மூளைக்குக் கொண்டுபோவதுதான் இவற்றின் தொழில். ஆனால் தூண்டப்படும்போது, தமனிச் சுவரில் இருக்கும் அதே முனையிலிருந்து வேதிப்பொருளையும் வெளியே விடுகின்றன. அவற்றில் முக்கியமானது சி.ஜி.ஆர்.பி. என்ற 37 அமினோ அமிலப் புரதத்துணுக்கு. கூடவே சப்ஸ்டன்ஸ் பி, நியூரோகைனின் ஏ. சி.ஜி.ஆர்.பி. மென்தசையின் ஏற்பியில் நேரடியாக ஒட்டி, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டி, தசையைத் தளர்த்துகிறது. தமனியின் உட்படலம் கெட்டுப்போயிருந்தாலும் இது வேலை செய்யும். சப்ஸ்டன்ஸ் பி-க்கு உட்படலம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தமனி நோயாளிகளில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

பூனைகளில் ட்ரைஜெமினல் நரம்புமுடிச்சை அழித்துவிட்டுச் செய்த சோதனைகள் இந்த நரம்பின் உண்மையான வேலையைக் காட்டின. ஓய்வில் தமனியின் அகலம் மாறவில்லை. ஆனால் நார்அட்ரினலின் போன்ற ஒன்றை வைத்துத் தமனியைச் சுருக்கியபோது, நரம்பு இருந்த பக்கத்தில் தமனி சீக்கிரம் பழைய அகலத்துக்குத் திரும்பியது. நரம்பு இல்லாத பக்கத்தில் சுருக்கம் நெடுநேரம் நீடித்தது. அதாவது இந்த நரம்பு சுருக்கத்தைத் தடுப்பதில்லை, சுருங்கியதை மீட்கிறது.

இந்த மீட்பு தோற்றுப்போகும் இடத்தை மருத்துவமனையில் பார்க்கலாம். அனியூரிசம் (தமனிச் சுவரின் பலவீனமான புடைப்பு) வெடித்து மூளையுறைக்கு அடியில் ரத்தம் கசிந்தவர்களுக்கு, 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை தமனிகள் இறுகிச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. அப்படி இறந்தவர்களின் தமனிகளைச் சோதித்தபோது, சுவரிலுள்ள நரம்பு முனைகளில் சி.ஜி.ஆர்.பி. வற்றிப் போயிருந்தது. இருந்த இருப்பு முழுவதும் செலவாகிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அப்படியானால் வெளியிலிருந்து ஏற்றினால் என்ன? 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நோயாளிகளுக்கு நாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் கிட்டவில்லை. நரம்பு முனை அந்த ஒரு தமனிச் சுவரில் மட்டும் மருந்தை வைக்கும். ஊசியில் போனதோ உடம்பு முழுக்கக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தை இறக்கியது. மூளைக்கு வேண்டிய அழுத்தமே கை நழுவியது. இன்றைக்கும் இந்த நோயாளிகளுக்கான அடிப்படை மருந்து நிமோடிபின்தான்: 60 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். அதிலும் அழுத்தம் இறங்கினால் 30 மி.கி.யாக, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

மைக்ரேனில் இதே நரம்பு வேறு முகம் காட்டுகிறது. ஆய்வாளர்கள் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1988-ல், ட்ரைஜெமினல் முடிச்சைத் தூண்டினால் கழுத்துச் சிரை ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. கூடுவதைக் காட்டினார்கள், 1990-ல் மைக்ரேன் தாக்கும் நேரத்திலும் அது கூடுவதைக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த முதல் எதிர்ப்புரத மருந்து எரெனுமாப், 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவர்கள் இருவருக்கும் மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலசன் ஆகியோருக்கும் சேர்த்து 2021-ன் பிரெய்ன் பரிசு தரப்பட்டது. ஆனால் "தமனி விரிவதால்தான் மைக்ரேன் வலிக்கிறது" என்ற பழைய விளக்கத்தை விட்டுவிட வேண்டும். வலி நேரத்தில் எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில், மண்டைக்கு வெளியே உள்ள தமனிகள் விரியவில்லை, உள்ளே இருப்பவை மிகக் கொஞ்சமே விரிந்தன. வலியை உண்டாக்குவது நரம்பின் கிளர்ச்சி. விரிவு அதன் பக்கவிளைவு. மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான் மருந்துகள் தமனியைச் சுருக்குவதால் இதய நோயாளிகளுக்கு ஆகாது. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் மருந்துகள் சுருக்குவதில்லை. ஆனால் அவை மேலே சொன்ன மீட்பு ஏற்பாட்டையும் சேர்த்துத் தடுக்கின்றன. சுண்டெலிகளில் இந்த வகை மருந்து கொடுத்துவிட்டு மூளைத் தமனியை அடைத்தபோது சேதம் பெரிதானது. அதனால் சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இவற்றை எழுதும் முன் நரம்பியல் மருத்துவர்கள் யோசிப்பது நியாயமானதே.

அடுத்து ஏழாம் நரம்பு. முகத் தசைகளை அசைக்கும் நரம்பாகத்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இதற்குள் எதிர்ப்பரிவு (பாராசிம்பதெடிக்) இழைகளும் ஓடுகின்றன. அவற்றின் பாதையைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பல நோய்கள் விளங்கும். மூளைத்தண்டில், அதன் நடுப்பகுதியான பான்ஸின் அடிப்பகுதியில் இருக்கும் மேல் உமிழ்நீர்க் கருவில் தொடக்கம். அங்கிருந்து ஃபேஷியல் நரம்போடு காது எலும்புக்குள் நுழைந்து, வளைவில் பிரிந்து, பெரிய பெட்ரோசல் நரம்பாகி, விடியன் கால்வாய் வழியே மூக்குக்குப் பின்னால் இருக்கும் டெரிகோபாலட்டைன் முடிச்சை அடைகிறது. அங்கே இழை மாறி, சிலது கண்ணீர்ச் சுரப்பிக்கும், சிலது மூக்குச் சவ்வுக்கும், சிலது மேலேறி வில்லிஸ் வளையத்துத் தமனிகளுக்கும் போகின்றன. வைல்டர் பென்ஃபீல்டும் யெர்சி ஹொரோப்ஸ்கியும் 1932-லேயே குரங்கில் இந்தப் பாதையைத் தொடர்ந்து காட்டிவிட்டார்கள்.

தமனிச் சுவரில் இந்த இழைகள் வெளியிடுவது நைட்ரிக் ஆக்சைடு, வி.ஐ.பி. என்ற புரதத்துணுக்கு, அசிட்டைல்கோலின். எலிகளில் இந்த இழைகளை மின்சாரத்தால் தூண்டினால் அந்தப் பக்கப் புறணியின் (மூளையின் மேலடுக்கின்) ரத்த ஓட்டம் 40–50% வரை கூடுகிறது. கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் மூளைத் திசுவின் வேலை கூடுவதில்லை. வழக்கமாக மூளையில் வேலை கூடினால்தான் ரத்தம் கூடும். இங்கே வேலை கூடாமலேயே ரத்தம் கூடுகிறது. நரம்பு தன் பொறுப்பில் விரிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுபக்கம், இந்த இழைகளை முன்கூட்டியே வெட்டிவிட்டு எலியின் நடு மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதச் சேதம் பெரிதாகிறது. அடைப்பின்போது பக்கவழித் தமனிகளைத் திறந்து வைப்பதில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது.

இதையே மருத்துவமாக்கும் முயற்சியும் நடந்தது. பக்கவாதம் வந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள், மேலண்ணத்து எலும்புக் கால்வாய் வழியே ஒரு சிறிய மின்தூண்டியை டெரிகோபாலட்டைன் முடிச்சின் அருகே வைத்து, நாளுக்கு 4 மணி நேரம், 5 நாள் தூண்டினார்கள். சுமார் 1,000 நோயாளிகளில் செய்த அந்தச் சோதனையின் முடிவு 2019-ல் லான்செட்டில் வந்தது. மொத்த நோயாளிகளை எடுத்துக்கொண்டால், பலன் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. புறணி பாதிக்கப்பட்டவர்களில், 3 மாதம் கழித்து எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியவர்கள் தூண்டியவர்களில் 50%, தூண்டாதவர்களில் 40%. அதுவும் முன்கூட்டி வகுத்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. புறணிக்கு மேல் ஓடும் பையல் தமனிகளில்தானே இந்த இழைகள் அதிகம். ஆகவே பலன் அங்கே எட்டிப்பார்த்ததில் உடற்கூறியல் பொருத்தம் இருக்கிறது. இதை வழக்கமான சிகிச்சையாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ரத்தக்கட்டியைக் கரைப்பதும் உருவி எடுப்பதும்தான் இப்போதும் முதல் வழி.

ஐந்தும் ஏழும் தனித்தனியாக ஓடவில்லை. ஐந்தாம் நரம்பு கொண்டுவரும் வலிச் செய்தி மூளைத்தண்டில் மேல் உமிழ்நீர்க் கருவைத் தூண்டும், அது ஏழாம் நரம்பு வழியே வெளியே போகும். இந்த வளையம் அடங்காமல் எரிவதைக் கிளஸ்டர் தலைவலியில் கண்ணெதிரே பார்க்கலாம்: ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, அதே பக்கக் கண் சிவந்து நீர் வடிதல், அதே பக்க மூக்கு அடைத்து ஒழுகுதல், 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை. வலி ஐந்தாம் நரம்பு, நீர் ஏழாம் நரம்பு. சிலருக்குக் கண்மணி சுருங்கி இமை தொங்குவது, கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் கரோடிட் தமனியின் சுவர் வீங்கிப் பரிவு (சிம்பதெடிக்) இழைகளை நெருக்குவதால் வருவது. இதற்கு 100% ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வேகத்தில், பை பொருத்திய முகமூடியில், 15 நிமிடமாவது கொடுக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மூக்குக் குழாயில் 2–4 லிட்டர் வைத்துவிட்டு "ஆக்சிஜனுக்குக் கேட்கவில்லை" என்று எழுதுவது. அந்த அளவில் கேட்காது. அல்லது சுமாட்ரிப்டான் 6 மி.கி. தோலடி ஊசி, மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடாது.

இனி ஒன்பதும் பத்தும். ஒன்பதாம் நரம்பின் சிறு கிளை ஒன்று, கழுத்தில் கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வருகிறது. தமனிச் சுவர் அங்கே கொஞ்சம் உப்பியிருக்கும். சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அந்தக் கிளை அளக்கிறது. பக்கத்திலேயே அரிசி அளவில் இருக்கும் கரோடிட் உறுப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் கார்னெய் ஹேமான்ஸுக்கு 1938-ன் நோபல் பரிசு. பெருந்தமனி வளைவில் இதே வேலையை வேகஸ் செய்கிறது. இரண்டின் செய்தியும் முகுளத்தில் ஒரே கருவுக்கு வரும். அழுத்தம் கூடினால் அங்கிருந்து இரண்டு உத்தரவுகள் போகும்: வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாக்கு, பரிவு நரம்புகளை அடக்கிக் குழாய்களைத் தளர்த்து. வேகஸின் உத்தரவு அடுத்த ஓரிரு துடிப்பிலேயே தெரியும். குழாய்த் தளர்வுக்குச் சில விநாடி ஆகும்.

நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளையைக் காப்பது இந்த ஏற்பாடுதான். நிற்கும்போது மூளை இதயத்துக்குச் சுமார் 30 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கே 22 மி.மீ. அழுத்தம் கழிந்துவிடும். கையில் சராசரி அழுத்தம் 85 என்று காட்டினால் மூளை மட்டத்தில் 63. உட்காரவைத்து தோள்பட்டை அறுவை செய்யும்போது மயக்க மருத்துவர்கள் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், திரையில் எண் நன்றாக இருக்கும்போதே மூளை பட்டினி கிடக்கும்.

இந்த ஏற்பாடு மிகையாக வேலை செய்தால் மயக்கம். கரோடிட் சுவர் அதீத உணர்திறனோடு இருக்கும் முதியவர்கள், இறுக்கமான காலர் போட்டாலோ, கழுத்தைச் சட்டென்று திருப்பினாலோ, சவரம் செய்யும்போது கழுத்தை அழுத்தினாலோ நினைவு தப்பி விழுவார்கள். இதைச் சோதிக்கும் முறை கரோடிட் மசாஜ். தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், கழுத்தின் பெருந்தசைக்கு முன்னால், துடிப்பு நன்றாகத் தெரியும் இடத்தில் 5–10 விநாடி அழுத்தித் தேய்ப்பார்கள். ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ரத்த அழுத்தமும் துடிப்புக்குத் துடிப்பு பதிவாக வேண்டும். 3 விநாடியோ அதற்கு மேலோ இதயம் நின்றாலும், மேல் அழுத்தம் 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினாலும், கூடவே வழக்கமான மயக்கமும் வந்தால் நோய் உறுதி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒருபோதும் அழுத்தக் கூடாது. கடந்த 3 மாதத்தில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்கும், ஸ்டெதஸ்கோப்பில் கரோடிட் இரைச்சல் கேட்பவர்களுக்கும் கூடாது. தமனிச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவு உடைந்து மூளைக்குப் போகலாம். வீட்டில் யாரும் செய்துபார்க்க வேண்டிய காரியமும் அல்ல இது.

இதே நரம்பு, அடைத்த கரோடிட் தமனியில் ஸ்டென்ட் வைக்கும்போதும் தலைகாட்டும். பலூனை ஊதும் கணத்தில் சுவர் இழுபட்டு, அழுத்தம் மலைபோல் ஏறிவிட்டதாக ஒன்பதாம் நரம்பு தவறாகச் சொல்லும். துடிப்பு 30-க்கு இறங்கலாம். அதனால் பலூனை ஊதும் முன்பே அட்ரோபின் 0.5–1 மி.கி. சிரிஞ்சில் தயாராக இருக்கும். அரிதாக, ஒன்பதாம் நரம்பு வலி நோயில், விழுங்கும்போது தொண்டையிலும் காதிலும் மின்னல் வெட்டும் வலியோடு இதயமும் சில விநாடி நின்றுவிடும். வலிச் செய்தி முகுளத்தில் பக்கத்துக் கருவுக்குக் கசிவதே காரணம். கார்பமசெபின் கொடுத்து வலியை அடக்கினால் மயக்கமும் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

ஐந்தாம் நரம்பும் இதயத்தைத் தொடும், பத்தாவதைத் துணைக்கு அழைத்து. மாறுகண் அறுவையில் கண் தசையை இழுத்தால் குழந்தையின் துடிப்பு சரியும்; 1908-ல் ஆஷ்னரும் டாக்னீனியும் சொன்ன அனிச்சைச் செயல் இது. தாடை, மண்டையடி அறுவைகளிலும் வரும். துடிப்போ அழுத்தமோ 20%-க்கு மேல் இறங்கினால் இதை நினைக்க வேண்டும். முதல் வேலை மருந்தல்ல, அறுவை மருத்துவரைக் கையை எடுக்கச் சொல்வது. பெரும்பாலும் விநாடிகளில் துடிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் அட்ரோபின். மயக்கம் ஆழமில்லாமல் இருப்பது, கார்பன் டை ஆக்சைடு ஏறியிருப்பது, ஆக்சிஜன் குறைவு, பீட்டா தடுப்பு மருந்துகள் ஆகியவை இதைத் தூண்டிவிடும். தொடரும் முன் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால் துடிப்பு குறைவதும் இதே வளையம்தான். அப்போது கைகால் குழாய்கள் சுருங்கும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையாது, கூடவும் செய்யும். அந்தக் கூடுதலில் பெரும்பங்கு மூச்சை அடக்குவதால் ஏறும் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஏறும் அழுத்தத்துக்கும் உரியது. எல்லாவற்றையும் நரம்பின் கணக்கில் எழுதக் கூடாது. வலிப்பு நோய்க்காக இடது கழுத்தில் பொருத்தும் வேகஸ் தூண்டியின் கதையும் அப்படித்தான். பெட் ஸ்கேனில், மூளையின் நடுவே இருக்கும் தாலமஸில் ரத்தம் கூடுவது தெரியும். ஆனால் வேகஸ் அங்கே தமனியை விரிப்பதில்லை. தாலமஸின் வேலையை மாற்றுகிறது, வேலைக்கு ஏற்ப ரத்தம் மாறுகிறது.

இந்தத் துறையின் முடிவுகளைப் படிக்கும்போது, ஓட்டத்தை எதால் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பொட்டெலும்பின் மேல் 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் வைத்து நடு மூளைத் தமனியை அளப்பது எளிது. இயல்பு வேகம் விநாடிக்கு 55 செ.மீ. அளவில் இருக்கும். ஆனால் அது வேகம், அளவல்ல. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் வேகமாகப் பாய்வதுபோல, தமனி சுருங்கினாலும் வேகம் கூடும். அந்தத் தமனியையே விரிக்கும் நரம்பைத் தூண்டிவிட்டு இந்தக் கருவியால் அளந்தால், ஓட்டம் மாறாதபோதும் வேகம் குறைந்து காட்டும். சுருங்கினால் கூடியதாகக் காட்டும். சோதனையின்போது மூச்சில் கார்பன் டை ஆக்சைடை நிலையாக வைத்தார்களா என்பதும் முக்கியம். 5 மி.மீ. மாறினாலே ஓட்டம் 15–20% மாறிவிடும், அதை நரம்பின் பலன் என்று தவறாகப் படித்துவிடலாம்.

"கபால நரம்புகளைத் தூண்டி மூளைக்கு ரத்தத்தைக் கூட்டும்" என்று பரவும் பயிற்சிகளையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 என்ற அளவில் மெதுவாக மூச்சு விடுவது வேகஸின் பங்கைக் கூட்டும், அழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாட்டைக் கூர்மையாக்கும், அது உண்மை. கபாலபாதி போல வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது, சரியாகச் செய்யாமல் மிகைமூச்சாகிவிட்டால், நேர் எதிர்த் திசையில் போகும். கார்பன் டை ஆக்சைடு 40-லிருந்து 20-க்கு இறங்கினால் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகும். அப்போது வரும் கிறுகிறுப்பும் விரல் மரத்தலும் "ரத்தம் பாய்கிறது" என்பதன் அறிகுறி அல்ல, குறைகிறது என்பதன் அறிகுறி. உடனே நிறுத்தி, வழக்கமான மூச்சுக்குத் திரும்பினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். சமீபத்தில் பக்கவாதம் வந்தவர்களும் கரோடிட் அடைப்பு உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பதே சரி.

அடிக்கடி கண் இருட்டி விழுபவர்களுக்கு முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல: 12 லீட் ஈ.சி.ஜி., பிறகு படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் ரத்த அழுத்தம். மேல் அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ இறங்கினால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். பிராஸ்டேட் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, பிரஷர் மாத்திரை ஆகியவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மயக்கம் வரப்போவது தெரிந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்துங்கள். படுக்க இடமில்லை என்றால் கால்களைப் பின்னி இறுக்கி, இரு கைகளையும் கோத்து எதிரெதிரே இழுங்கள். தசை இறுகும்போது ரத்தம் இதயத்துக்குத் திரும்பி, வேகஸ் இறக்கிய அழுத்தம் ஓரளவு மீளும். உடல் உழைப்பின் நடுவிலோ படுத்திருக்கும்போதோ வரும் மயக்கத்தை இந்த வகையில் சேர்க்கக் கூடாது. அதற்கு அன்றே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.